கறுப்பாக விழும் இடம்

பெல்ட்டைக் கழற்றுங்கள், கடிகாரத்தையும்.
காது வளையங்கள் இந்தக் கிண்ணத்தில்.
"உள்ளே தைத்து வைத்திருப்பதை
எந்தக் கிண்ணத்தில் போட?" என்றார் யோருன்.

அறுபத்திரண்டு வயது. பூடோவுக்குத் தென்கிழக்கே
ஆறு மணிக்கொருதரம் ஓதம் திசைமாறும்
இடுக்கு நீரிணையில் படகோட்டுகிறவர்.
கோடையில் சுற்றுலாக்காரர்களைச்
சுழியின் விளிம்புவரை கூட்டிப்போய்
அலறவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்.

பிப்ரவரியில் த்ரோம்சோவில் மார்பைத் திறந்து
சுண்ணாம்பேறிய பழைய வால்வை வெட்டியெடுத்து
உலோக வளையத்தில்
இரண்டு கரித்தகடுகளைக் கீல்வைத்து மாட்டினார்கள்.
அன்றிலிருந்து டிக் டிக்.
ஆஸ்முன்ட் இப்போது கூடத்துச் சோபாவில் தூங்குகிறாராம்.
"செவிட்டு ஆளைக் கட்டியிருக்கலாம்"
என்று சிரித்தபடியே குழாய்க்குள் போனார்.

பதினாலு நிமிடம். அசைய வேண்டாம், மூச்சு மட்டும்.
காந்தம் தட்டத் தொடங்கியது,
டீசல் எஞ்சினை யாரோ சுத்தியலால் சரிசெய்வதுபோல.
கண்ணாடிக்கு இப்பால் நான்
ஆறிப்போன காப்பியோடு
அவருடைய ரத்தத்தை
நாடித்துடிப்பு நாடித்துடிப்பாக நறுக்கிச்
சேமித்துக்கொண்டிருந்தேன்.

படம் உடனே வராது.
கணினி முக்கால் மணிநேரம் கூட்டிக் கழித்தது.
அதற்குள் அவர் பையைத் திறந்து
பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைப் பிட்டு
பாதியை எனக்குத் தந்தார்.
இந்த அறையில் சாப்பிடக் கூடாது.
சாப்பிட்டேன்.

பிறகு ஓடியது.
பெருந்தமனி வளைவில் நூல்நூலாக,
வேகம் சிவப்பு, மந்தம் நீலம்,
நடுவில் பாய வேண்டியது
வெளிச்சுவரில் போய் மோதித்
திருகித் திருகி ஏறியது.
நோயாளிக்குக் காட்டக் கூடாது, விளக்குவது மருத்துவர் வேலை.
நான் திரையைத் திருப்பவில்லை.
அவர்தான் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

வெகுநேரம் பேச்சில்லை.
பிறகு விரலை வைத்தார்.
"இங்கே தண்ணீர் சுவரைத் தின்கிறது.
இங்கே படகை விட்டால் கவிழ்த்துவிடும்.
இந்த மடிப்புக்குப் பின்னால், பார்,
நீலம் சோம்பலாய்ச் சுற்றுகிறதே,
இங்கேதான் குப்பை ஒதுங்கும்.
மிதவைத் துண்டு, கடற்பாசி,
ஒருதரம் ஒரு குழந்தையின் செருப்பு."

எனக்கு அவருடைய ரத்த மாத்திரை நினைவுக்கு வந்தது,
ஒருநாள்கூடத் தவறக் கூடாத அந்த மாத்திரை.
வாயைத் திறக்கவில்லை.

"சரி, இது?"

எல்லா நூல்களும் புறப்படுகிற இடத்தில்
ஒரு கறுப்பு. திராட்சை அளவு.
அதுதான் வால்வு, என்றேன்.
உலோகம் இருக்கும் இடத்தில்
எங்கள் காந்தத்துக்குக் கண் தெரியாது.
எதைப் பார்க்க வந்தோமோ அதுவே கறுப்பாக விழும்.
அதைத் தாண்டி வந்த ரத்தம் சொல்வதை வைத்து
அது நன்றாகத் திறக்கிறதா என்று ஊகிக்கிறோம்.

அவருக்கு இது வியப்பாயில்லை.
"பாலத்தடியில் என்ன பாறை இருக்கிறதென்று
முப்பது வருடத்தில் நானும் பார்த்ததில்லை.
நுரை எந்தப் பக்கம் திரும்புகிறதோ
அதைப் பார்த்துத்தான் இன்னும் மூழ்காமலிருக்கிறேன்.
என்ன, அங்கே தினம் நாலுதரம் திரும்பி ஓடும்.
இது திரும்பக் கூடாது, இல்லையா?"

கூடாது, என்றேன்.

இயந்திரம் ஓய்ந்திருந்தது.
அப்போதுதான் எனக்கும் கேட்டது,
கம்பளிச் சட்டைக்கு அடியில்
மலிவுவிலைக் கைக்கடிகாரம்போல.
கேட்டதை அவர் என் முகத்தில் பார்த்துவிட்டார்.

வளையங்களை மாட்டினார். கடிகாரத்தைக் கட்டுமுன்
ஒருதரம் நேரம் பார்த்தார்.
"மூன்று நாற்பதுக்கு ஓதம் திரும்புகிறது.
படகைத் தப்பான பக்கம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்."
பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடாத குறையாய்ப் போனார்,
ஓடக் கூடாதென்று சொல்லியிருந்தும்.

அறிக்கையில் தட்டினேன்:
வெளிச்சுவரை நோக்கிய சாய்ந்த பாய்ச்சல்.
மடிப்புக்குப் பின்னால் மந்தமான சுழல், கவனிக்கவும்.
வால்வுப் பகுதி: மதிப்பிட இயலவில்லை.
விசைப்பலகையில் ரொட்டித்தூள்.
ஊதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.